பெரிய பட்டியல்களுக்குப் பிளாக் போர்மட்டர்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கெடுக்கிறது

கொழும்பில் எழுதப்படும் எந்தச் செயலியைத் திறந்தாலும் அதற்குள் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். கொழும்பு 1 முதல் 15 வரையான அஞ்சல் குறியீடுகள், 25 மாவட்டங்கள், பஸ் பாதை எண்கள், தொலைபேசிக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மொழிப் பெயர்கள். இவற்றுக்காக ஒரு தரவுத்தளம் வைப்பது மிகை. ஆண்டுக்கு ஒருமுறை மாறினாலே அதிகம் என்பதால் நேரே செயலியின் கோட்டுக்குள் (கட்டளை வரிகளுக்குள்) எழுதிவிடுகிறார்கள். எழுதுவது ஒரு நாள் வேலை. வாசிப்பதும் திருத்துவதும் ஆண்டுக்கணக்கில் தொடரும், அதுவும் பெரும்பாலும் எழுதியவர் அல்லாத வேறொருவரால். அந்த ஒரு தேவையை மட்டும் வைத்துப் பைதன் கணினி மொழிக்கான பிளாக் போர்மட்டரை, அதாவது கோட்டின் இடைவெளிகளையும் வரிப் பிரிப்பையும் தானே ஒழுங்குபடுத்தும் கருவியை, இங்கே மதிப்பிடுகிறோம்.

பிளாக் 2018இல் வந்தது. 2022 ஜனவரியில் 22.1.0 பதிப்போடு பீட்டா நிலையைத் தாண்டியது. எம்ஐடி உரிமம், காசு இல்லை. பைதனின் நிறுவல் கருவியான பிப் மூலம் ஒரு கட்டளையில் நிறுவலாம். அதன்பின் எல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கும், இணைய இணைப்பு வேண்டாம். வரி நீளம் 88 எழுத்துக்குறிகள் என்பது அதன் இயல்பு. மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புகள் மிகக் குறைவு. அதனால் குழுவுக்குள் இடைவெளி பற்றிய வாக்குவாதமே எழாது. பட்டியல்களைப் பொறுத்தவரை அந்தப் பிடிவாதம் சில இடங்களில் வரமாகவும் சில இடங்களில் தலையிடியாகவும் இருக்கிறது.

முதலில் அதன் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பட்டியல் 88க்குள் அடங்கினால் பிளாக் அதை ஒரே வரியில் போடும். அடங்காவிட்டால் அடைப்புக்குறிகளைத் தனி வரிகளில் வைக்கும். உள்ளே இருப்பதை உறுப்புக்கு ஒரு வரி என்று பிரித்து, கடைசி உறுப்புக்குப் பின்னாலும் ஒரு கமா போடும். இந்தக் கடைசிக் கமாதான் முழு விஷயத்துக்கும் சாவி. அதை நீங்களே கையால் போட்டுவிட்டால், பட்டியல் எவ்வளவு குட்டையானாலும் பிளாக் அதை ஒரே வரிக்குள் மடக்காது. கரையோர ரயில் நிலையங்களை எடுத்துக்கொள்வோம்:

நிலையங்கள் = ["கோட்டை", "செயலகம்", "கொம்பனித்தெரு", "கொள்ளுப்பிட்டி",]

இதைப் பிளாக்கிடம் கொடுத்தால் வருவது:

நிலையங்கள் = [
    "கோட்டை",
    "செயலகம்",
    "கொம்பனித்தெரு",
    "கொள்ளுப்பிட்டி",
]

(மாறியின் பெயரும் தமிழில் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், பைதன் 3 அதை ஏற்கும்.) நாளைக்குப் பம்பலப்பிட்டியைச் சேர்த்தால் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் ஒரு வரி மட்டுமே மாறியதாகக் காட்டும். கடைசிக் கமா இல்லாத பட்டியலில் இரண்டு வரிகள் மாறும். புதிய வரி ஒன்று, முன்னைய வரியில் கமா சேர்ந்தது மற்றொன்று. 200 வரிப் பட்டியலில் யார் எதை எப்போது சேர்த்தார் என்று தேடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். அமைப்புகளில் இந்தக் கமாவைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் தெரிவு ஒன்றும் உண்டு. பட்டியல்கள் நிறைந்த கோட்டில் அதை ஒருபோதும் இயக்க வேண்டாம். இயக்கினால் கவனமாகப் பிரித்து வைத்த குட்டிப் பட்டியல்கள் எல்லாம் ஒரே இரவில் மடங்கிப் போகும்.

பிளாக்கின் மிகப் பெரிய உதவி யாரும் விளம்பரப்படுத்தாத ஒன்று. பைதனில் இரண்டு சொற்சரங்களுக்கு (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்களுக்கு) நடுவில் கமா விடுபட்டால் பிழை வராது, இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். கீழே இருப்பதில் பிழை எங்கே என்று பாருங்கள்:

நிலையங்கள் = [
    "கொள்ளுப்பிட்டி",
    "பம்பலப்பிட்டி"
    "வெள்ளவத்தை",
    "தெஹிவளை",
]

நான்கு நிலையங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கின்றன. வெள்ளவத்தையில் இறங்க வேண்டிய ஆளுக்கு அப்படி ஒரு நிலையமே இல்லை என்று செயலி சொல்லும். கண்ணால் மேலிருந்து கீழே ஓடும்போது இது பிடிபடவே பிடிபடாது. ஆனால் பிளாக்கை ஓட்டினால் இப்படி ஆகும்:

    "கொள்ளுப்பிட்டி",
    "பம்பலப்பிட்டி" "வெள்ளவத்தை",
    "தெஹிவளை",

ஒரு வரியில் இரண்டு பெயர்கள். பட்டியலின் ஒழுங்கு அந்த இடத்தில் குலைந்து நிற்பதால் உடனே கண்ணில் குத்தும். பிளாக் பிழையைத் திருத்தவில்லை, திருத்தவும் கூடாது. மறைந்திருந்ததை வெளியே இழுத்துக் காட்டியது, அதுவே போதும். இதற்கு மேல், கோட்டில் பிழை தேடும் கருவியான லின்டர் ஒன்றையும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ரஃப் என்ற பைதன் லின்டரின் ஐஎஸ்சி001 விதி ஒரே வரியில் ஒட்டி நிற்கும் சரங்களைப் பிடிக்கும். பிளாக் அவற்றை ஒரே வரிக்குக் கொண்டுவந்த பிறகு அந்த விதியின் கண்ணுக்கு அவை தப்பாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரஃப்பிலும் ஒரு போர்மட்டர் இருக்கிறது. அதன் வெளியீடு பெரும்பாலும் பிளாக்கைப் போலவே இருக்கும், வேகமோ பல மடங்கு. ஆனால் 2025இல் வந்த 0.9 பதிப்பிலிருந்து, ஒட்டி நிற்கும் சரங்கள் ஒரு வரிக்குள் அடங்கினால் அது அவற்றை ஒரே சரமாக்கிவிடுகிறது. மேலே உள்ள பிழை அங்கே "பம்பலப்பிட்டிவெள்ளவத்தை" என்று ஒரே சொல்லாகிவிடும். ஆங்கிலப் பட்டியலில் அது கண்ணை உறுத்தலாம். தமிழில் நீளமான கூட்டுப் பெயர்கள் சாதாரணம் என்பதால் நழுவிப்போகும். ஐஎஸ்சி001 ஒரே வரியில் நிற்கும் சரங்களை மட்டுமே பார்ப்பதால், லின்டரை முதலில் ஓட்டினாலும் இரண்டு வரிகளில் பிரிந்து நிற்கும் இந்தப் பிழை அந்த விதிக்குத் தப்பிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே பட்டியல்கள் அதிகமுள்ள கோட்டுக்கு நாங்கள் இன்னும் பிளாக்கைத்தான் பரிந்துரைக்கிறோம்.

அடுத்தது பல நிரல்கள் (மேலிருந்து கீழே ஓடும் பத்திகள்) உள்ள அட்டவணை. இதில்தான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். குறியீடுகள் ஒரு பட்டியல், பெயர்கள் இன்னொரு பட்டியல் என்று இரண்டையும் தனித்தனியே எழுதி, இரண்டும் ஒரே வரிசையில் இருக்கும் என்று நம்புவார்கள். நடுவில் ஒன்று விடுபட்டால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஓர் இடம் தள்ளிப் போகும். ஒரு பதிவுக்கு ஒரு வரி, அந்த வரி ஒரு டியூப்பிள் (வளைவு அடைப்புக்குறிக்குள் எழுதும் தொகுப்பு) என்று எழுதுங்கள்:

அஞ்சல் = (
    # குறியீடு, பிரிவு, பகுதி
    ("00600", 6, "வெள்ளவத்தை"),
    ("00700", 7, "கறுவாத்தோட்டம்"),
    ("00800", 8, "பொரளை"),
    ("00900", 9, "தெமட்டகொடை"),
    ("01000", 10, "மருதானை"),
)

பிளாக் இந்த வடிவத்தைத் தொடாது. உள்ளே இருக்கும் டியூப்பிளின் இறுதியில் கமா போடாதவரை ஒவ்வொன்றும் ஒரே வரியில் இருக்கும். வெளிப் பட்டியலின் இறுதியில் கமா இருப்பதால் அது விரிந்தே நிற்கும். உள்ளே கமா கூடாது, வெளியே கமா வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குறியீடுகள் மேற்கோளுக்குள் இருப்பதைக் கவனியுங்கள். அவற்றை எண்ணாக எழுதினால் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். பைதன் 3 முன்னால் பூச்சியம் உள்ள எண்ணை இலக்கணப் பிழை என்று நிறுத்திவிடும். அது நல்ல குணம். பிஎச்பி மொழி 00600ஐ எட்டின் அடியில் உள்ள எண்ணாக வாசித்து 384 என்று வைத்துக்கொள்ளும். பொரளையின் 00800இல் 8 என்ற இலக்கம் இருப்பதால் அங்கே பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய தளர்ந்த முறையில் வெள்ளவத்தை 384 ஆகும், பொரளை 800 ஆகவே இருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. 011, 021, 065 போன்ற தொலைபேசிக் குறியீடுகளுக்கும் இதே கதைதான். கூட்டிக் கழிக்காத எந்த இலக்கத்தையும் சரமாகவே எழுதுங்கள்.

வரி 88ஐத் தாண்டினால் என்ன ஆகும்? மும்மொழிப் பெயர்களைச் சேர்த்தவுடன் இது நடக்கும். நீளமான அந்த ஒரு பதிவு மட்டும் நிரலுக்கு ஒரு வரி என்று விரிந்து, ஆறேழு வரிகளை விழுங்கும். மற்றவை ஒற்றை வரியில் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் வீங்கி நிற்கும். பிறகு பெயரைச் சுருக்கினாலும் அது திரும்ப மடங்காது. விரித்தபோது பிளாக் தானே போட்ட கடைசிக் கமா இப்போது உங்கள் விருப்பம் போலக் கணக்கில் எடுக்கப்படுகிறது. அந்தக் கமாவைக் கையால் அழித்துவிட்டு மீண்டும் ஓட்டினால்தான் பழைய நிலைக்கு வரும். பிளாக்கைப் புதிதாகப் பயன்படுத்துவோர் அதிகம் குழம்பும் இடம் இது. அட்டவணைகளை மட்டும் ஒரு தனிப் பைலில் வைத்து, அந்தப் பைலை ஓட்டும்போது மட்டும் வரி நீளத்தை 120 ஆக உயர்த்திக் கொடுப்பதும் ஒரு வழி. அந்தப் பைலுக்கான கட்டளையைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் சிரமம்.

பட்டியலுக்குள் விடும் வெற்று வரிகளைப் பிளாக் அழித்துவிடும். மாகாணம் மாகாணமாகப் பிரித்துக் காட்ட இடைவெளி விட்டிருந்தால் அது போய்விடும். அதற்குப் பதிலாகக் குறிப்பு வரியைத் தலைப்பாக வையுங்கள்:

மாவட்டங்கள் = (
    # மேல் மாகாணம்
    ("11", "கொழும்பு"),
    ("12", "கம்பஹா"),
    ("13", "களுத்துறை"),
    # மத்திய மாகாணம்
    ("21", "கண்டி"),
    ("22", "மாத்தளை"),
    ("23", "நுவரெலியா"),
)

இவை ஐஎஸ்ஓ 3166-2 தரத்தில் இலங்கை மாவட்டங்களுக்குரிய எண்கள். முதல் இலக்கம் மாகாணம் என்பதால் தலைப்பு வரிகள் இயல்பாகவே பொருந்தும். குறிப்பு வரிகளைப் பிளாக் இடம் மாற்றாது, அடுத்த பதிவோடு சேர்த்தே வைத்திருக்கும். பதிவின் வலப்பக்கம் எழுதும் குறிப்புகளையும் காப்பாற்றும். ஆனால் அவற்றை ஒரே நேர்கோட்டில் அடுக்கி வைத்திருந்தால் அந்த அடுக்கு கலையும். குறிக்கு முன்னால் இரண்டு இடைவெளிதான் மிஞ்சும்.

இனிக் குறை. எண்கள் மட்டுமே உள்ள பெரிய அணிகளைப் பிளாக் நாசமாக்குகிறது. இதற்கு வேறு மென்மையான சொல் இல்லை. ஜேபெக் படத் தரத்தில், படத்தைச் சுருக்கும்போது பயன்படும் ஒளிர்வுக் குவாண்டைசேஷன் அட்டவணையில் 64 எண்கள். அவற்றை ஒரே பட்டியலாக எழுதினால் ஒரு வரிக்கு ஓர் எண் என்று 64 வரிகள், அடைப்புக்குறிகளோடு 66. எட்டுக்கு எட்டு என்ற உருவமே தெரியாமல் போகும், அச்சுப் பிரதியோடு ஒப்பிட முடியாது. உள்ளே எட்டுப் பட்டியல்களாகப் பிரித்து எழுதினால் பாதி தப்பிக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு வரிசையும் 88க்குள் அடங்கிவிடும். ஆனாலும் எண்களை நேராக நிறுத்த விடும் இடைவெளிகளைப் பிளாக் ஒன்றாகக் குறைத்துவிடும். இப்படி எழுதியிருந்தால்:

    [14, 17, 22, 29, 51,  87,  80,  62],
    [18, 22, 37, 56, 68, 109, 103,  77],
    [24, 35, 55, 64, 81, 104, 113,  92],

மூன்று இலக்க எண் வரும் இடத்திலிருந்து நிரல்கள் கோணலாகிவிடும். ஒரு இலக்கம் பிழைத்தால் படம் மெல்லக் கெடும். எந்தச் செய்தியும் வராது. இப்படிப்பட்ட அட்டவணையில் நேராக நிற்கும் நிரல் என்பது அழகுக்காக அல்ல, பிழை பார்ப்பதற்கான ஒரே கருவி அதுதான்.

இதற்கு வழி வேலி போடுவது. அட்டவணைக்கு மேலே ஹேஷ் குறியோடு எஃப்எம்டி, முக்காற்புள்ளி, ஓஃப் என்றும், கீழே அதேபோல் ஓன் என்றும் தனி வரிகளில் எழுதினால் நடுவில் உள்ளதைப் பிளாக் தொடாது. இந்த இரண்டு குறிப்புகளும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஒரே உள்தள்ளலில் இருக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள்ளே போடாதீர்கள். முழு அட்டவணைக் கூற்றுக்கும் வெளியே போடுங்கள். ரஃப்புக்கும் இதே குறிப்புகள் புரியும், ஆனால் அடைப்புக்குறிக்குள் போட்டவற்றை அது கண்டுகொள்ளாது. வெளியே போட்டால் இரண்டிலும் வேலை செய்யும். வேலிக்குள் எண்களை மட்டும் வையுங்கள், சொற்பட்டியல்களைக் கொண்டுபோய் ஒளிக்காதீர்கள். கமா விடுபட்டதைக் காட்டிக்கொடுக்கும் உதவி வேலிக்குள் கிடைக்காது.

ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான போர்மட்டரான பிரிட்டியர் இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது. எண்கள் மட்டுமே உள்ள பட்டியல் என்றால் ஒரு வரியில் எத்தனை அடங்குமோ அத்தனையையும் நிரப்பி அடுத்த வரிக்குப் போகும். நிரல்களை அது நேராக்காது, இருந்தாலும் 64 வரிகளாக உடைப்பதில்லை. பிளாக்கும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தமிழ்ச் சொற்களை இடைவெளி விட்டு நேராக்கும் முயற்சியைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிளாக் அதைக் கலைக்கிறது என்ற முறைப்பாடு அடிக்கடி வருகிறது. அதைப் பிளாக் கலைப்பதே நல்லது. "வெள்ளவத்தை" என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து, பைதன் கணக்கில் 10. மெய்யும் அதன் உயிர்க்குறியும் யூனிகோட்டில் வெவ்வேறு இடங்கள், புள்ளியும் தனி இடம். "கோட்டை" மூன்று எழுத்து, பைதனுக்கு 6. நீளத்தைப் பார்த்து இடைவெளி நிரப்பும் எந்தக் கட்டளையும் இவற்றைச் சமப்படுத்தாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு எடிட்டரின் எழுத்துருவிலும் தமிழ் எழுத்தின் அகலம் மாறும். ஒருவர் திரையில் நேராக இருப்பது அடுத்தவர் திரையில் கோணலாகும். குட்டையான, அகலம் மாறாத நிரல்களை முதலில் வைத்து, தமிழ்ப் பெயரைக் கடைசி நிரலாக வைத்தால் இடைவெளி நிரப்பும் தேவையே வராது. மேலே உள்ள அஞ்சல் அட்டவணை அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது, பிளாக்கால் அதற்கு எதுவும் செய்ய முடியாது. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முதல் வகையில் "கொழும்பு" 8, இரண்டாவது வகையில் 9. பயனர் தட்டச்சு செய்தது ஒரு வகை, பட்டியலில் உள்ளது மற்ற வகை என்றால் கொழும்பு என்ற மாவட்டமே இல்லை என்று பதில் வரும். பிளாக் சரங்களின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை என்பதால் இது அப்படியே கிடக்கும். பைதனின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நோர்மலைஸ் கட்டளையை, இரு வகையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி முறையில் பட்டியலுக்கும் உள்ளீட்டுக்கும் இரண்டுக்குமே ஓட்டுங்கள். பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றி எடுத்த பட்டியல்களைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். காலுக்குப் பதில் ரகரமும், ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குப் பதில் ளகரமும் தட்டச்சாகி இருந்தால் அவற்றை என்எஃப்சியும் திருத்தாது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

பட்டியலின் கீழேயே இரண்டு மூன்று சரிபார்ப்பு வரிகள் எழுதி வைப்பது பிளாக்கை விடவும் பெரிய காவல். கொழும்பு அஞ்சல் பிரிவுகள் 15, மாவட்டங்கள் 25 என்று எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் மூன்று நிரல்கள் இருக்கின்றனவா, ஒரே குறியீடு இரண்டு தடவை வருகிறதா என்றும் பாருங்கள். டிக்ஷனரியாக (குறியீட்டைக் கொடுத்துப் பெயரைத் தேடும் அமைப்பாக) நேரே எழுதினால் இரண்டாவது தடவை வந்தது முதலாவதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். அதனால் டியூப்பிள்களாக எழுதிச் சரிபார்த்த பின் டிக்ஷனரியாக மாற்றுவதே பாதுகாப்பு.

சில நூறு வரிகளைத் தாண்டினாலோ, அலுவலகத்தில் கோட் எழுதாத ஒருவர் திருத்த வேண்டியிருந்தாலோ பட்டியலை, நிரல்களைக் கமாவால் பிரிக்கும் சிஎஸ்வி பைலுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே எக்செல் 00600ஐ 600 ஆக்கிச் சேமிக்கும் ஆபத்து காத்திருக்கிறது. அந்த நிரலை டெக்ஸ்ட் வகையாகத் தெரிவுசெய்து இறக்குமதி செய்ய வேண்டும். தொடக்கத்தில் எக்செல் சேர்க்கும் மறைகுறியைத் தவிர்க்க, பைலை யூடிஎஃப்-8-சிக் என்ற குறிமுறையில் திறக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதல் நிரலின் தலைப்பு மட்டும் எப்போதும் பொருந்தாது.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கோட்டில் பிளாக்கைக் கொண்டுவருவோர் முதல் தடவை டிஃப் தெரிவோடு ஓட்டுங்கள். எதையும் எழுதாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டும். எண் அட்டவணைகளைத் தேடி வேலி போடுங்கள். ஒரே வரியில் இரண்டு சரங்கள் வந்த இடங்களைத் திருத்துங்கள். அந்தத் திருத்தங்களைத் தனி கமிட்டாகப் (கிட்டில் சேமிக்கும் ஒரு பதிவாகப்) போட்ட பிறகு பிளாக்கை முழுதாக ஓட்டி, அதைத் தனி கமிட்டாக வையுங்கள். கிட் 2.23 முதல், அந்தக் கமிட்டின் அடையாளத்தை ஒரு பைலில் எழுதி, ஒவ்வொரு வரியையும் யார் மாற்றினார் என்று சொல்லும் பிளேம் கட்டளைக்குக் காட்டினால் அதை விட்டுவிட்டு உண்மையில் எழுதியவரின் பெயரைக் காட்டும்.